பூட்ஸ் பற்றிய அந்தப் பத்தி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருப்பதைத் தவிர. வாரா வாரம் டிவி விவாதத்தில் உட்கார்ந்து பாதுகாப்பு அமைச்சரைக் கிழித்துத் தொங்கவிட்டால் தொண்டை என்ன ஆகும்? உன் கால் எப்படி இருக்கிறது? இரண்டு விரல் கறுத்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பனியில் காவல் நிற்கிறவளுக்கு ஈரம் உள்ளே இறங்குகிற பூட்ஸைக் கொடுத்திருக்கிறார்களே, பாவிகள். அதைப் படித்துக் கொதித்துப்போன அப்பா, தன்னைப் போல ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற நண்பர்கள் ஐந்து பேரைக் கூட்டி அமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுத உட்கார்ந்தார். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவன் ராணுவத்தை நடத்துகிறான் என்று ஆளாளுக்கு முழக்கம், காபி போட்டே என் கை ஓய்ந்தது. கடிதம் ஒரே நாளில் முடிந்தது. யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில் மூன்று வாரம் போனது. மீசைக் கர்னலும் குட்டைக் கர்னலும் பழைய பெட்டியைக் குடைந்து, பணியில் சேர்ந்த தேதிக்குச் சான்று கொண்டுவந்து சண்டை போட்டார்கள். அதுவரை உன் விரல் காத்திருக்குமா? கடைசியில் ஆறு பேரின் பதவி, பதக்கம் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டுமென்று ஒரு பத்தியை வெட்டினார்கள். எதை என்கிறாய்? உன் பூட்ஸைத்தான். அது சின்ன விஷயம் மேடம், நாங்க நாட்டோட பாதுகாப்பைப் பத்திப் பேசறோம் என்றார் மீசைக் கர்னல். டிவியில் அடங்காத உன் அப்பாவின் வாய் அன்று திறக்கவே இல்லை.

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். மென்று விழுங்கிச் சொன்னார், எந்த பூட்ஸ் என்று விசாரித்தாராம், அதைச் சோதித்துத் தேர்வு செய்த குழுவுக்குப் பணியில் இருந்தபோது இவரேதான் தலைவராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளின் காலைவிட இவர் கௌரவம் பெரிதா? நானே அமைச்சருக்கு நாலு வரி எழுதினேன், பூட்ஸை மாற்றுங்கள், தேர்வு செய்தவர் என் வீட்டுக்காரர் என்று. கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கோப்பு எண் இல்லாம அனுப்பினா எவனும் தேடமாட்டான் என்று சொல்லி, தன் கையாலேயே அந்தத் தேர்வுக் கோப்பின் எண்ணையும் தேதியையும் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். உன்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்க அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

மருத்துவர் சொல்லும்வரை காவலுக்குப் போகாதே, காலை ஈரமில்லாமல் வைத்துக்கொள். பத்து விரலோடும் வீடு வந்து சேர், எங்கள் ஆசீர்வாதம் அவ்வளவுதான்.

இப்படிக்கு,
அம்மா