அண்ணி அறையில் பரப்பிய மொக்கு

சித்தையன்கோட்டை,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள பவித்ரா அக்காவுக்கு, வினிதா எழுதுவது. இங்கே அம்மா, அண்ணன், அண்ணி, நான் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாயா என்று முதலில் கேட்கச் சொன்னாள் அம்மா. ஏசி கம்பெனியில் நாள் முழுக்கக் குளிரில் நின்று வேலை பார்க்கிறாயாம், சுடுதண்ணீர் குடிக்க வேண்டுமாம், ஈரத் தலையோடு படுக்கக் கூடாதாம். பருப்புப்பொடியும் மோர்மிளகாயும் இதோடு வருகின்றன.

இந்த வருஷத்து வெயில் சொல்லி முடியாது அக்கா. நம் தெருவில் மட்டும் நாலு வீட்டில் ஏசி மாட்டிவிட்டார்கள், சாயங்காலமானால் கரண்டு இறங்கி மிக்சி முனகுகிறது. பெருமாயி சித்தி வீட்டில் மாட்டிய அன்று தெருவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, கதவைச் சாத்துங்கடி என்று கத்தியே சித்திக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நம் வீட்டில் தீபா அண்ணி சீரில் கொண்டுவந்தது அண்ணன் அறையில் ஓடுகிறது. அதன் வெளிப்பெட்டியை நாங்கள் பூக் கட்டுகிற பக்கம் மாட்டியிருக்கிறார்கள். குளிர் அவர்களுக்கு, சூடெல்லாம் என் முதுகுக்கு. உள்ளே வந்து படு என்று அண்ணி எத்தனையோ தடவை கூப்பிட்டார், நான் போகவில்லை. கூச்சம் என்று அம்மா நினைக்கிறாள். பொறாமை அக்கா. உன் மேலும்தான். நீ அந்த மிஷினைச் செய்கிறாய், அண்ணிக்கு அதைச் சீராகக் கொடுத்தார்கள், நான் ஒன்பதாவதோடு நின்று பூப் பறிக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஆத்தூர்க் கல்யாணத்துக்கு ஆறு கிலோ மல்லிகை மொக்கு கேட்டிருந்தார்கள். விடியலில் பறித்தோம், சாயங்காலம் எடுக்க வருவதாகப் பேச்சு. ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்கச் சொல்லிவிட்டு அம்மா தோட்டத்துக்குப் போனாள். அதற்குப் பிறகுதான் அண்ணி திண்டுக்கல் புறப்பட்டார். நான் அவர் அறைக்குள் போய் ஏசியைப் பதினெட்டில் வைத்து, மொக்கைச் சாக்கில்லாமல் கட்டிலில் பரப்பினேன். குளிர்ந்தால் விரியாது என்றுதான் எண்ணம். பொய் சொல்வானேன், ஓரத்தில் நானும் படுத்தேன், அப்படியே தூங்கிப்போனேன். மதியம் அண்ணி திரும்பி வந்து எழுப்பியபோதுதான் பார்த்தேன், மொக்கெல்லாம் காய்ந்து சுருங்கி விளிம்பு பழுத்துக் கிடந்தது. பூ எடுக்க வந்த சங்கிலி, “என்னக்கா, மொக்கக் கேட்டா வத்தலக் குடுக்குறீக” என்று சொல்லிவிட்டு வெறுங்கூடையோடு போனான்.

யார் உள்ளே வைத்தது என்று அம்மா கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணி என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு, “நான்தான் அத்தை. தெரியாம வச்சுட்டேன்” என்றார். எனக்கு அப்போது அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நல்லவளாக இருப்பதும் அவருக்குத்தான் வாய்க்கிறது.

அன்றிலிருந்து அம்மா அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பூப் பக்கமே விடுவதில்லை. ஏசியைக் கழற்றி அவர் அப்பா வீட்டுக்கே அனுப்பிவிடப் போகிறாளாம், கழற்றினால் கெட்டுப்போகுமா என்று உன்னிடம் கேட்கத்தான் என்னை எழுத உட்காரவைத்தாள். சீரைத் திருப்பி அனுப்பினால் அண்ணி மட்டும் எப்படி இங்கே இருப்பார்? அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுப் போகிறான். அதனால் அம்மா கேட்கச் சொன்னதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

மாரியாத்தா உனக்குத் துணையிருப்பாள், நல்லபடியாக இருப்பாய் என்று அம்மா சொன்னாள். பொடி டப்பாவைத் தொலைக்காமல் ஊருக்கு வரும்போது கொண்டுவர வேண்டுமாம். கடிதத்தை மடிக்குமுன் அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும். அண்ணி அடுப்படியில் இருக்கிறார். அவருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
அம்மா அழகம்மாளுக்காக எழுதிய
உன் தங்கை வினிதா.