டேப் சுற்றிய நாற்காலிகள்

மார்ச் 4
தையல் பகுதிக்குப் புது நாற்காலிகள், இருபத்திரண்டு. கழுத்தும் தோளும் கெடாமலிருக்க, பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்து, முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி உயரம் வைத்துக் கொடுத்தார். அவர் போனதும் மேனேஜர் வந்தார். "என்னம்மா, ஒண்ணு மேல ஒண்ணு கீழ நிக்குது? நாளைக்கு நம்ம துணியை வாங்கற பையர் வர்றார்." எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வைத்து, உயரம் மாற்றும் லீவர்களில் டேப் சுற்றிவிட்டேன். என் உயரம்தான். சூப்பர்வைசர் நான்தானே!

மார்ச் 5
பையருக்குத் திருப்தி. டேப்பைப் பிரிக்கவில்லை. மேனேஜரோடு தினம் யார் மல்லுக்கட்டுவது?

ஏப்ரல் 19
மூன்றாவது மிஷினில் என் தங்கை. என்னைவிட ஒரு சாண் குள்ளம். தோளைத் தூக்கிக்கொண்டே தைக்கிறாள். "கொஞ்சம் உசத்திக்கட்டுமாக்கா?" என்றாள்.
"உனக்கு விட்டா மத்தவளுங்க சும்மா இருப்பாளுங்களா? தங்கச்சின்னு சலுகை காட்டறேன்னு பேச்சு வரும்."

ஜூன் 2
காலையில் பக்கத்து வீட்டிலிருந்து தங்கை சீப்போடு வந்தாள். "கை தலைக்கு மேல போகலக்கா. பின்னி விடேன்." தோளைத் தொட்டதும் துள்ளினாள். இன்றாவது டேப்பைப் பிரித்திருக்கலாம். பிரித்தால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடுமே—

ஜூன் 11
தங்கையின் தோளைப் பார்க்கப் பிசியோதெரபிஸ்ட் திரும்ப வந்தார். "இந்த டேப்பை யார் சுத்தினது?" மேனேஜர் எங்களைப் பார்த்தார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நானும்தான். தங்கை எழுந்தாள். "நான்தான் சார். நாற்காலி ஆடுச்சு, அதான்."
"அப்போ உன் கைக்குக் கம்பெனி வைத்தியம் பார்க்காது" என்றார் மேனேஜர்.
அப்போதும் சும்மா நின்றேன். சீ, நானெல்லாம் ஒரு அக்காவா?

ஜூன் 12
தங்கைக்குப் பின்னி விட்டபோது கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 14
டேப் சுற்றியது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு டேப்பையும் நானே வெட்டினேன். தங்கைக்கு வைத்தியம் உண்டு. ஆனால் தோள் பழையபடி ஆகுமா என்று பிசியோதெரபிஸ்ட்டாலேயே சொல்ல முடியவில்லை. எனக்குச் சூப்பர்வைசர் வேலை போயிற்று. திங்கள் முதல் தங்கை இருந்த மூன்றாவது மிஷின்.
தங்கை தன் பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

ஜூன் 20
இத்தனை நாளும் காலையில் நான்தான் தங்கைக்குப் பின்னி விட்டேன்; இன்றும் சீப்பை எடுத்து வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. நானே போய்க் கதவைத் தட்டினேன். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருக்கிறாள், இடுப்பு வரை இருந்த முடி.
"இனிமே நீ பின்ன வேணாம்க்கா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.