மாமாவின் இரங்கலுரை

சென் ஜேம்ஸ் ரவுண்,
மாசி 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் மகனின் செத்தவீட்டில் நீங்கள் ஆற்றிய உரையை இங்கே எல்லோரும் இன்னும் பாராட்டுகிறார்கள். மகன் இறந்த செய்தி வந்தபோது, "சாகக்கூடிய ஒருவனைத்தான் பெற்றேன் என்று எனக்குத் தெரியும்" என்று சொன்ன கிரேக்க ஞானியைப் பற்றிப் பேசினீர்கள். அறம் உள்ளவரிடமிருந்து விதியால் எதையும் பறிக்க முடியாது என்றீர்கள். பெட்டி திறந்திருந்தது. நான் வாய்விட்டு அழத் தொடங்கியதும், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "பிள்ளை, சனம் பாக்குது" என்றீர்கள்.

நிறுத்திவிட்டேன். அதன் பிறகு எனக்கு அழுகை வரவில்லை.

போன கிழமை உங்கள் கார் பனியில் வழுக்கி மின்கம்பத்தில் மோதியது. தொலைபேசியில் விம்மினீர்கள்.

"புதுக் கார் தங்கச்சி! புது மணம்கூடப் போகேல்லை!"

"நசியக்கூடிய ஒண்டைத்தானே அண்ணை வாங்கினனீங்கள்?"

"உனக்கு நெஞ்சில ஈரமே இல்லையோடி?"

அதே கிரேக்கரில் இன்னொருவர், நல்ல பிள்ளையைப் பறிகொடுத்தவரை நன்றாக வாழ்கிறவர் என்று சொல்வது கடினம் என்றிருக்கிறார். அறம் மட்டும் போதாதாம். நூலகத்தில் தேடி வாசித்தேன். உரை தயாரிக்கும் அவசரத்தில் அவர் உங்கள் கண்ணில் படவில்லை போலும்.

முப்பத்தோராம் நாள் நினைவுச் சடங்கிலும் உங்களைப் பேசச் சொல்லியிருப்பதாக வீட்டில் இவர் சொன்னார். வேண்டாம் என்று நான் மறித்துவிட்டேன். நீங்கள் வாருங்கள். என் பக்கத்தில் இருந்து, சனம் பார்க்க அழுங்கள். அவனுக்கு வேறு மாமா இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி