தளர்த்த மறந்த திருகு

ஞாயிறு இரவு.

சாயங்காலம் ஹெப்பகோடி வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஓசூர் ரோட்டு வண்டி வெளிச்சங்களைப் படமெடுத்தோம், நானும் ரூம்மேட் சதீஷும். கேமரா ஆடாமலிருக்க, அதைத் தொடாமலே படமெடுக்க உதவும் ஷட்டர் கேபிள் என்னிடம் உண்டு. போன மாதம்தான் கேமரா வாங்கிய அவன், கைப்பிடிச் சுவரில் வைத்து டைமரில் எடுத்தான்.

நான் கேபிளை அழுத்தி, ஷட்டர் மூடாதபடி அதன் திருகை இறுக்கினேன். இருபது விநாடியில் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் ஏறிப் படம் வெளுத்துவிடும். அதற்குள், "மச்சி, இங்க பாரேன்" என்றான்.

அவன் படத்தில், வண்டி விளக்குகளின் சிவப்புக் கோடுகளில் ஒரு பிசிறு இல்லை. வயிறு எரிந்தது. திருகை மறந்தே போனேன்.

"உன்னுது எப்படிடா வந்துச்சு?"

"பரவால்ல" என்றேன். காட்டவில்லை.

முழுக்க வெளுத்துப்போன அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. அவன் படத்தையே பார்த்துக்கொண்டு நான் நின்ற நேரம் மொத்தமும் அதில் பதிவாகியிருக்கிறது.