முதல் பயணியின் வரி

பாய்சாந்து
மார்ச் 3

அன்புள்ள அசுசேனா,

நீயும் உன் மலையும் உன் பூனைகளும் சுகந்தானே? இங்கே நான் சுகம். ஆற்றில் வெள்ளம் இறங்கிவிட்டது. என் அக்கா ஒடிலாவின் கோபம் மட்டும் இறங்கவில்லை. காரணம் நாம் இருவரும் சேர்ந்து செய்த வீடியோ விளையாட்டு.

"படகோட்டி" வெளியான அன்றே அவள் வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். சோபாவில் சாய்ந்துகொண்டு, மூடுபனியில் முதல் பயணி படகில் ஏறுவதை ரசித்துப் பார்த்தாள். அவன் பேச்சு திரையின் அடியில் எழுத்தாக ஓட ஆரம்பித்ததும், "ஏண்டா, கீழ ஏதோ எறும்பு ஊருது, அதையா படிக்கணும்?" என்றாள். எழுந்து டிவி பக்கத்தில் போய் நிற்பதற்குள் வரி மறைந்துவிட்டது. "நின்னுகிட்டே விளையாட நான் என்ன பஸ்லயா போறேன்?" என்று என்னிடம் பாய்ந்தாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் வாங்கியவர்கள் எழுதும் குறிப்புகளிலும் இதே புலம்பல். வெள்ளைப் பனிமேல் சாம்பல் எழுத்து, அதுவும் பொடி எழுத்து, படித்து முடிக்குமுன் ஓடிவிடுகிறது. அடுத்த திருத்தப் பதிப்பில் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் ஒரு கருப்புப் பட்டை வைத்தால் என்ன?

மாத்தே டீ ஆறுகிறது. பதில் போடு, முறைக்காதே.

உன்
யமாண்டு


வால்பராய்சோ
மார்ச் 8

யமாண்டுவுக்கு,

சுகம். பூனைகளும் சுகம்.

கருப்புப் பட்டையா? அந்தப் பனிக்காக ஒரு குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து துறைமுகத்தை வரைந்தவள் நான். பயணிகளின் பேச்சு பனியில் பாதி கரைந்திருக்க வேண்டும் என்று முதலில் சொன்னதே நீதான். வெளியாகும் முன் கடைசிவரை விளையாடிப் பார்த்து, "ஒரு வரியிலும் கை வைக்காதே" என்று எழுதியவனும் நீதான். இப்போது உன் அக்கா சோபாவில் சாய்ந்ததும் எல்லாம் எறும்பாகிவிட்டதாக்கும்.

இன்னொரு சேதி. சாந்தியாகோவில் ஒரு பெரிய விளையாட்டு நிறுவனம் என்னை வேலைக்குக் கூப்பிடுகிறது. மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள். அநேகமாகப் போய்விடுவேன். திருத்தப் பதிப்பை வேறு யாரையாவது வைத்துச் செய்துகொள்.

அசுசேனா


பாய்சாந்து
மார்ச் 12

அன்புள்ள அசுசேனா,

உன் கடிதத்தில் "அன்புள்ள" எங்கே போனது? வழியில் விழுந்துவிட்டதா?

கோபப்படு, ஆனால் இதைக் கேள். நிறம் பிரித்துப் பார்க்க வராத ஒருவர் எழுதியிருக்கிறார். நம் ஆற்றில் பாதை காட்டும் மிதவைகள் சிவப்பும் பச்சையும் அல்லவா, அவருக்கு இரண்டும் ஒரே சேற்று நிறமாம். படகை ஒவ்வொரு முறையும் மணல்திட்டில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஆற்றில் வந்து பார். சிவப்பு மிதவைக்குக் கூம்புத் தலை, பச்சைக்குத் தட்டைத் தலை. வெறும் நிறத்தை நம்பி இங்கே யாரும் படகு விடுவதில்லை. நாம்தான் அழகுக்காக இரண்டையும் உருண்டையாக்கிவிட்டோம்.

வரிகளும் அப்படித்தான். நமக்கு எல்லாம் மனப்பாடம். திரையில் என்ன இருக்கிறது என்று நாம் படிக்கவே இல்லை.

சாந்தியாகோ நல்ல இடம், நல்ல சம்பளம். போ. என்னைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்காதே. என்னோடு உட்கார்ந்து உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

உன்
யமாண்டு


வால்பராய்சோ
மார்ச் 19

யமாண்டு,

"போ" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்.

நம் வழக்கம் உனக்கு மறந்துவிட்டதா? நீ சரிபார்ப்பதற்காக நான் அனுப்பும் பதிப்பில், முதல் பயணியின் வாயில் உனக்கென்று ஒரு வரியை ஒளித்து வைப்பேன். நீ கண்டுபிடித்துப் பதில் எழுதுவாய். அப்புறம் அதை எடுத்துவிடுவேன். ஒருமுறை, "இந்தப் படகோட்டி ஒரு வாய் மாத்தேகூடக் குடுக்காத கஞ்சன்" என்று வைத்தேன். நான் ரொட்டி வாங்கப் போய்த் திரும்புவதற்குள் உன் பதில் வந்து கிடந்தது.

கடைசிப் பதிப்பில் நான் கேலி வைக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தேன். சாந்தியாகோவிலிருந்து அழைப்பு வந்த அன்று. கடிதத்தில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் பயணியைக் கேட்கச் சொன்னேன். நீ முழுவதும் பார்த்துவிட்டு, "ஒரு வரியிலும் கை வைக்காதே" என்றாய். என் கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் உன் பதில் என்று எடுத்துக்கொண்டேன். அழுதுகொண்டேதான் அந்த வரியை நீக்கினேன்.

இனிமேல் எழுத்துப் பெரிதா சிறிதா என்று எனக்கு எழுதாதே.

அசுசேனா


பாய்சாந்து
மார்ச் 20

அன்புள்ள அசுசேனா,

அந்த வரியை நான் பார்க்கவே இல்லை. பார்க்க முடியவில்லை.

போன வருஷத்திலிருந்து கண்ணின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது. ஓரத்தில் மரம், நாய், ஒடிலாவின் முறைப்பு எல்லாம் தெரிகின்றன. எதை நேராகப் பார்க்கிறேனோ அதன்மேல் மட்டும் ஒரு கறை. போனது திரும்பாது, ஆனால் முழுக்க இருட்டாகவும் ஆகாது என்கிறார் டாக்டர்.

மின்னஞ்சலில் வரும் உன் கடிதங்களைக் கணினிதான் எனக்கு வாசித்துக் காட்டுகிறது. அந்தக் குரல்காரி உன் திட்டையெல்லாம் வானிலை அறிக்கை மாதிரி படிக்கிறாள். நம் விளையாட்டுக்குள் அவள் நுழைய வழியில்லை. முதல் பயணி வாயைத் திறந்ததும், நான் எழுதின பேச்சு எனக்குள்ளே தானாக ஓடியது. அதைக் கேட்டுக்கொண்டே ஆற்றைக் கடந்துவிட்டேன். எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்தேன்.

வெட்கமாக இருந்தது, அதனால்தான் சொல்லவில்லை. திரையே தெரியாதவனோடு யார் விளையாட்டு செய்வார்கள்? நீயாக விட்டுப் போகும் முன் நானே "போ" என்று சொல்லிவிட்டேன்.

என்ன கேட்டாய்? சொல்லிவிடு.

யமாண்டு


வால்பராய்சோ
மார்ச் 27

அன்புள்ள மடையா,

சொல்ல மாட்டேன். நீயே படி.

உன் கடிதம் வந்த அன்று, பக்கத்து வீட்டில் கெஞ்சி அவர்கள் சோபாவில் உட்கார்ந்து நம் விளையாட்டைப் போட்டேன். பார்வை நன்றாக இருக்கும் எனக்கே எறும்புதான் தெரிந்தது. ஒடிலாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

புதிய பதிப்பு அனுப்பியிருக்கிறேன். எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். கருப்புப் பட்டையை மனசில்லாமல்தான் வைத்தேன். வைத்த பிறகு பார்த்தால், வரிக்காகக் கண்ணை இடுக்க வேண்டாத ஆளுக்குப் பனி இன்னும் நன்றாகத் தெரிகிறது. மிதவைகளுக்குக் கூம்பும் தட்டையும் போட்டாயிற்று. உன் குரல்காரி படிக்கவும் ஏற்பாடு உண்டு, ஆனால் இந்தத் தடவை அவளைக் கூப்பிடாதே. இனி எந்த வரியும் தானாக ஓடாது. படிப்பவர் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும். பழைய பனி எழுத்தும் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது, பிடித்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

டிவியில் போடு. சோபாவை விட்டு எழுந்திருக்காதே. ஒடிலாவைப் படிக்கச் சொல்லாதே. சாந்தியாகோவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அசுசேனா


பாய்சாந்து
மார்ச் 29

அன்புள்ள அசுசேனா,

சோபாவில் இருந்தபடியே நான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தைக் கைபேசி எழுதுகிறது.

எழுத்தை அது போகிற மட்டும் பெரிதாக்கினேன். முதல் பயணி ஏறினான். எனக்குள்ளே பழைய பேச்சு ஓட ஆரம்பித்தது. சும்மா இரு என்று அதை அடக்கினேன். கண்ணை ஓரமாகத் திருப்பி, கோழி பார்ப்பதுபோலப் பார்த்து, சொல் சொல்லாகப் படித்தேன். வரி ஓடவில்லை. எனக்காக நின்றது.

"யமாண்டு, அடுத்த படகையும் நாம ரெண்டு பேருமே ஓட்டலாமா?"

ஓட்டலாம். நீ வரை, நான் எழுதுகிறேன். தெரியாததைத் தெரியவில்லை என்று இனிமேல் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். வரவில்லை என்று சாந்தியாகோவுக்கு இன்றே எழுதிவிடு.

ஒடிலாவின் நாடகம் தொடங்கும் நேரம். "முடிஞ்சுதாடா? டிவிய விடு" என்று சமையலறையிலிருந்து சத்தம் போடுகிறாள். பொத்தானை அழுத்தினால் பயணி அடுத்த வரிக்குப் போய்விடுவான். நான் இன்னும் அழுத்தவில்லை.

உன்
யமாண்டு