நூறு கோட்டு ஊசி

1996 ஐப்பசி, வியாழன் இரவு

போதும், இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. மூன்று மாதமாக நானே வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். சர்க்கரை இறங்கவே இல்லை. கால் புண் ஆறவில்லை. "கல்யாண ஊட்டுல ஜாங்கிரியத் தின்னுபோட்டு, ஊசி போட்டேன்னு எங்கிட்டச் சொல்றீங்களாங்க?" என்று டாக்டர் கேட்டார். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள்.

இன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மருந்துக் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று இருக்கிறது. ஊசிக் குழலின் கோடுகளோ மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்குப் போட்டவை. டாக்டர் சொன்ன இருபது யூனிட்டுக்கு இருபதாம் கோடு வரை இழுத்தும் உள்ளே போனது எட்டு யூனிட்தான். ஊசி கொடுத்தது கணபதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் மச்சினன். போய்க் கேட்டேன்.

"ஊசியில என்னங்க மச்சான் நாப்பதும் நூறும்? மருந்து உள்ள போனாச் சரி. படிச்சவங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகந்தானுங்க" என்றான். சொல்லிக்கொண்டே அதே குப்பியையும் அதே ஊசியையும் ஒரு அம்மாளுக்குப் பொட்டலம் கட்டினான். நான் தடுத்துச் சொன்னேன். அந்த அம்மாள் அவனைத்தான் நம்பினாள்.

சரியான ஊசிக்கு மாறும் முன் அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும். மருந்து ஆய்வாளருக்கு ஒரு கார்டு எழுதிவிட்டேன். என் மனைவிக்கு அவன் ஒரே தம்பி. காலையில் என் பெயர் போடாமல் தபாலில் சேர்த்துவிடுவேன்.