புட்டிங் ஒட்டிய தீப்பெட்டிகள்

சாத்தூர்,
6-9-1961

பிரியமுள்ள அம்மாவுக்கு,

இன்பம் எழுதுவது, ஸ்தோத்திரம். ஆண்டவர் கிருபையில் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? தைலம் தேய்க்கிறீர்களா?

உங்கள் கல்யாணத்துக்குப் பரிசாக வந்து, நீங்கள் ஒரு நாளும் திறக்காத சமையல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டேன். சனிக்கிழமை, வீட்டுக்கார அக்கா வெள்ளைத்தாயின் அடுப்பில் மைதா, பால், சீனி சேர்த்துப் புட்டிங் கிளறினேன். ஆறு பேருக்கான அளவை அப்படியே போட்டேன். ருசியில் குறையே இல்லை. மிச்சத்தைச் சட்டியோடு மூடிவைத்துவிட்டு மறுநாள் ஆலயத்துக்குப் போனேன்.

இங்கே வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுகிறார்கள். அதற்கும் மைதாவைக் காய்ச்சித்தான் பசை. நான் திரும்பி வருவதற்குள் அக்கா என் புட்டிங்கை வைத்துப் பாதி ஆர்டரை ஒட்டியிருந்தாள்.

"டீச்சர், நீங்க காய்ச்சுன பசை நல்லாத்தான் பிடிக்குது. எறும்புதான் ஏன் இம்புட்டு வருதுன்னு தெரியல" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். விரலை நக்கிப் பார்த்தாள்.

"திங்கிறதுன்னு சொல்லிட்டுப் போக மாட்டீகளா?"

மறுநாள் காலையில் பெட்டிகளை எடுக்கக் கம்பெனி ஆள் வந்துவிடுவார் என்பதால் நானும் உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக ஒட்டினேன். என் பெட்டி ஒன்றுகூடக் கோணவில்லை. இந்த வாரம் அடுத்த பக்கம். அக்காவே பால் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. புத்தகத்தில் இல்லாத ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க எவ்வளவு அரிசி போட வேண்டும்? என் கை இன்னும் உங்களுக்கும் சேர்த்தே அள்ளுகிறது.

உங்கள் மகள்,
இன்பம்